இரைச்சல் இல்லாத இருபத்தெட்டு வோல்ட்

கேப்டன் சுந்தரபாண்டி ஜீப்பிலிருந்து இறங்கும்போதே அந்த வயர்லெஸ் பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு இறங்கினார். வாசலில் நின்ற வேதமாணிக்கம் பார்த்ததும் அதை அடையாளம் கண்டுகொண்டார். போன வாரம்தான் அதைப் பிரித்துப் பழுது பார்த்து, தூசி துடைத்து, பழைய போர்வையில் சுற்றி மதுரைக்கு அனுப்பியிருந்தார். நன்றாக இருக்கும் பெட்டியை யாரும் அறுபது கிலோமீட்டர் திருப்பிக் கொண்டுவர மாட்டார்கள்.

"கோவிச்சுக்கிடாதீக அண்ணாச்சி," என்றார் கேப்டன், பெட்டியை முன்னறை மேசையில் வைத்தபடி. "பேசுறது எல்லாம் கேக்குது. ஆனா கூடவே ஒரு வண்டு முரலுது. திருச்சி தாண்டினப்பறம் மெட்ராஸ் டவர்காரன் என்ன சொல்றான்னு ரெண்டு தரம் கேட்டுக்கிட வேண்டியதாப் போச்சு."

"இங்கன மேசையில நல்லாத்தான சார் இருந்துச்சு."

"அதான் எனக்கும் புரியல."

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று, ஐப்பசி மழை விட்டிருந்த சமயம். வேதமாணிக்கம் சண்டைக் காலத்தில் விமானப்படையில் சேர்ந்து வயர்லெஸ் மெக்கானிக்காகப் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருந்தவர். வெளியே வந்ததும் விருதுநகர் அல்லம்பட்டியில் வீடு பார்த்து, ரேடியோ பழுது பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி ஞானபூரணி மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பிள்ளைகள் இல்லை. கேப்டன் வெம்பக்கோட்டைப் பக்கத்துச் சம்சாரி வீட்டுப் பிள்ளை, உழுது பிழைத்த குடும்பம். மதுரையில் ஒரு சின்னக் கம்பெனி இரண்டு பழைய டகோட்டா விமானங்களை வைத்துக்கொண்டு நூல் பேலும் பத்திரிகைக் கட்டும் மல்லிகைக் கூடையும் ஏற்றிப் பறந்துகொண்டிருந்தது. அதில் அவர் விமானி. ஊருக்குப் போகிற வழியில் பழுதான வயர்லெஸ் பெட்டிகளை விருதுநகரில் இறக்கிவிட்டுத் திரும்புகிற வழியில் எடுத்துப் போவது வழக்கம். பெட்டி மதுரைக்குப் போனதும் கம்பெனி எஞ்சினியர் அதை விமானத்தில் மாட்டி, ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். அங்கேயும் இந்த முரல் பிடிபடவில்லை. தரையில் பக்கத்து நிலையத்தோடு பேசும்போது குரல் பலமாக இருப்பதால் முரல் அதில் மூழ்கிவிடும், தூரம் போய்க் குரல் மெலிந்தால்தான் தெரியும்.

கேப்டன் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். மரப்பலகையில் திருகி வைத்த டிரான்ஸ்பார்மரும், அதன் பக்கத்தில் மின்சாரத்தை ஒரே திசைக்குத் திருப்பும் ரெக்டிபையர் தகடுகளும் இருந்தன. வேதமாணிக்கமே கட்டியது.

"இதுலதான் செட்டுக்குக் கரண்டு குடுக்கீகளா?"

"ஆமா சார்."

விமானத்தில் ஓடும் மின்சாரம் வேறு, வீட்டுக்கு வரும் மின்சாரம் வேறு. விமானத்தில் இருப்பது இருபத்தெட்டு வோல்ட், ஒரே திசையில் அலையில்லாத குளத்து நீர் போல ஓடுவது. வீட்டுக்கு வருவது அதைப்போல எட்டு மடங்கு, நொடிக்கு ஐம்பது தரம் முன்னும் பின்னும் ஆடுவது. ஆடுவதை நிறுத்தி, அடக்கி, விமானப் பெட்டி குடிக்கிற மாதிரி ஆக்கிக் கொடுப்பதற்குத்தான் மேசையில் ஒரு பவர் சப்ளை. அது சரியாக அடக்கவில்லை என்றால் மிச்ச ஆட்டம் பெட்டிக்குள் புகுந்து இரைச்சலாகக் கேட்கும். அப்புறம் குற்றம் பெட்டியிலா, கொடுத்த மின்சாரத்திலா என்று யாராலும் சொல்ல முடியாது.

"ஒருவேளை சப்ளைதானோன்னு கம்பெனியில சொல்லிட்டேன் அண்ணாச்சி. நல்லதா ஒண்ணு பாத்து வாங்கிக்கிடச் சொல்லிட்டாக. எது வேணும்னு நீங்கதான் பாத்து எடுக்கணும். இந்தாங்க, ஜீப்புல கொண்டாந்த இந்த இன்னொரு செட்டையும் வச்சிக்கிடுங்க. ப்ளேன்ல மாட்டி ஓடிக்கிட்டிருந்தது, ஒரு குத்தமும் கிடையாது. இத வச்சு சோதிச்சா எந்தச் சப்ளை நல்லதுன்னு தெரிஞ்சிரும்லா?"

கேப்டன் மோர் குடித்துவிட்டுக் கிளம்பினார். ஒரு சுடுசொல் இல்லை. அதுவே வேதமாணிக்கத்துக்கு அதிகம் உறுத்தியது.

ஏனென்றால் அவருக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது. படையில் இருந்தபோது ஜலதோஷத்தோடு ஒரு தரம் உயரப் பறந்து, இறங்கும்போது இடது காதின் சவ்வு கிழிந்தது. அது ஆறியது. ஆனால் வருஷங்கள் போகப்போக இரண்டு காதுக்குள்ளும் ஓர் இரைச்சல் குடிவந்துவிட்டது. தூரத்தில் மில் ஓடுகிற மாதிரி, விடாமல். முதலில் இரவில் மட்டும் இருந்தது. இப்போது ஜெபம் பண்ணும்போதும் உண்டு, சாப்பிடும்போதும் உண்டு. பேச்சு கேட்கும், பாட்டு கேட்கும். ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு 'இந்தப் பெட்டியில் இரைச்சல் இருக்கிறதா' என்று கவனித்தால் மட்டும் இருக்கிறது என்றும் தோன்றும், இல்லை என்றும் தோன்றும். காதை நம்பாமல் மீட்டரை நம்பி வேலை செய்யப் பழகிக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை. வயர்லெஸ்காரனுக்குக் காது போச்சு என்று வெளியே தெரிந்தால் பிறகு எந்தப் பெட்டி இந்தப் படி ஏறும்?

மறுநாள் சாயங்காலம் ஞானபூரணி பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அவர் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். அவள் உள்ளே போய்க் காபி போட்டு எடுத்துவந்து பின்னால் நின்றாள். அவர் கவனிக்கவில்லை. ஹெட்போனை மாட்டினார், கழற்றினார். சுவிட்சைத் தொட்டார். மறுபடி மாட்டினார், கண்ணை மூடினார், கழற்றினார். நெற்றியெல்லாம் வேர்வை.

அவள் டம்ளரை வைத்துவிட்டு அவர் கையிலிருந்த ஹெட்போனை எடுத்துத் தன் காதில் வைத்தாள்.

"செட்டு அணைஞ்சுதான கிடக்கு. என்னத்தக் கேக்கீக?"

அவர் துண்டால் நெற்றியைத் துடைத்தார்.

"கேக்குது பூரணி," என்றார் பிறகு. "அணைச்சாலும் கேக்குது."

அவளுக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் பக்கத்து முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கோவிலில் அவர் பாட்டை அரை அடி தாமதமாகத் தொடங்குவது, பால்காரம்மா கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப் போவது எல்லாம் ஒவ்வொன்றாக அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். ஆனால் அதை எதையும் அவள் சொல்லவில்லை.

"எம்புட்டு நாளா?"

"ரெண்டு மூணு வருசமா. இப்பத்தான் ரொம்ப."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நெசமாயிரும்னு பயம்."

ஞானபூரணி அவர் காதைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள். காய்ச்சல் வந்த பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி. "இப்பவும் கேக்குதா?" "கேக்குது." கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். காபி ஆறியது.

பிறகு, "செட்டைப் போடுங்க," என்றாள்.

அவர் போட்டார். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தலையைச் சாய்த்துக் கேட்டாள். அவர்களுடைய சி.எஸ்.ஐ. கோவிலில் ஏழெட்டு வருஷமாகப் பாடகர் குழுவில் இரண்டாம் குரல் பாடுகிறவள் அவள். ஆர்மோனியத்தில் ஒரு கட்டை இறங்கி ஒலித்தால்கூட முகத்தைச் சுளிப்பாள். மெல்ல வாய்க்குள் ஒரு சுரத்தை இழுத்தாள். கனமான, தாழ்ந்த சுரம். சட்ஜமத்தைக் கோவில் பாடகர் குழுவில் 'டோ' என்பார்கள்.

"இதுதான் சத்தம். கீழ் டோவுக்குக் கொஞ்சம் மேல நிக்குது. நம்ம மில்லு ஓடுற மாதிரி. ரொம்பப் பெரிசா இருக்கு. இதுக்கு மேல வண்டு முரலுனாலும் தெரியாது, யானை பிளிறினாலும் தெரியாது."

வேதமாணிக்கத்துக்கு அப்போதுதான் விளங்கியது. மேசைக்கு அடியில் அவரே கட்டிய சப்ளைதான் அப்படி இரைகிறது. அந்த இரைச்சலுக்கு அடியில் பெட்டியின் சொந்தக் குற்றம் ஒளிந்துகொண்டிருக்கிறது. அவருக்கோ இரண்டும் தன் காதுக்குள் ஓடும் மில்லோடு கலந்துபோய்விட்டன.

அடுத்த சனிக்கிழமை இருவரும் சிவகாசிக்குப் பஸ் ஏறினார்கள். குற்றமில்லாத பெட்டியை அவர் மடியில் வைத்துக்கொண்டார். ஹெட்போனும், கம்பியில் கோத்த லாரி பல்புகள் சிலவும் அவள் பையில் இருந்தன. ஆமத்தூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் கரிசல், மழைக்குப் பின் தளிர்த்த பருத்தி. பஸ்ஸில் ஏறிய பெண்களின் விரல்களில் வெள்ளி நிற மருந்துக் கறை. தீபாவளி முடிந்தும் பட்டாசு வேலை ஓயவில்லை, வடக்கே கல்யாண சீசனுக்கு ஆர்டர் இருந்தது.

சிவகாசியில் தனுஷ்கோடி என்பவர் மூடிய மில், அச்சாபீஸ், ராணுவ ஏலம் என்று எங்கிருந்தாவது பழைய மெஷின்களை வாங்கிக் கொட்டகையில் குவித்து விற்றுக்கொண்டிருந்தார். பெரிய தொந்தி, வாய் நிறைய வெற்றிலை.

"வாங்க அண்ணாச்சி, வாங்க டீச்சரம்மா. ஏரோப்ளேனுக்கு வேணும்னு சொன்னீகளாம்ல. ஏலே ஊர்க்காவலா, அந்தச் சாக்கை உருவுலே!"

வேலையாள் சாக்கை உருவினான். உள்ளே பச்சை வர்ணம் மினுங்கும் ஓர் இரும்புப் பெட்டி. முகப்பில் தட்டு அகலத்துக்கு இரண்டு மீட்டர். முலாம் பூசும் பட்டறை ஒன்றில் இருந்ததாம், அதிகம் ஓடவில்லையாம். சுவிட்சைப் போட்டதும் சிவப்பு விளக்கு எரிந்தது, முள் எழுந்து இருபத்தெட்டில் நின்றது, ஆணி அடித்த மாதிரி.

வேதமாணிக்கத்தின் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்த மாத்திரத்தில் அவருக்குப் பிடித்துவிட்டது. அவ்வளவு பெரிய மீட்டர், அவ்வளவு தெளிவான எண்கள். இதற்குக் காதே வேண்டாம்.

"பல்பை மாட்டிப் பாருங்க," என்றாள் ஞானபூரணி. லாரி பல்புகள் எதற்கு என்று வரும் வழியில் அவர்தான் அவளுக்குச் சொல்லியிருந்தார். விமானப் பெட்டி சும்மா கேட்டுக்கொண்டிருக்கும்போது கொஞ்சம் மின்சாரம் குடிக்கும், பேசத் தொடங்கினால் நிறையக் குடிக்கும். அந்தச் சமயத்தில் தளராத சப்ளைதான் சப்ளை. பல்புகளை மாட்டினால் அந்தச் சுமையை மேசையிலேயே பார்க்கலாம்.

பல்புகளை மாட்டினார்கள். முள் இருபத்திரண்டுக்குச் சரிந்தது. கழற்றினார்கள். முள் முப்பத்து மூன்றைத் தொட்டுவிட்டு மெல்ல இறங்கியது.

"அது ஒண்ணுமில்ல, திருகி சரிபண்ணிக்கிடலாம்," என்றார் தனுஷ்கோடி.

"ஒவ்வொரு தரமும் திருகிக்கிட்டு இருக்க முடியுமா அண்ணாச்சி? முப்பத்து மூணு போனா வால்வு எரிஞ்சிரும்," என்றார் வேதமாணிக்கம். சொன்னார், ஆனால் கை அந்தப் பச்சைப் பெட்டியை விட்டு வரவில்லை. கொண்டுவந்த வயர்லெஸ் பெட்டியை அதில் மாட்டி ஹெட்போனை ஞானபூரணியிடம் கொடுத்தார். அவள் வைத்த வேகத்தில் எடுத்துவிட்டாள்.

"வீட்டுல இருக்கிறதை விட மோசம்."

"கூட ஒரு பெரிய கண்டன்சர் போட்டா அடங்கும் பூரணி."

"அடங்குமா?"

அவர் பச்சைப் பெட்டியின் சுவிட்சை அணைத்தார்.

அடுத்தது ராணுவ ஏலத்தில் வந்தது. மோட்டார் ஒன்று ஜெனரேட்டர் ஒன்றைச் சுற்றும் ஜோடி மெஷின். அது சுற்றியபோது கொட்டகைத் தரையே அதிர்ந்தது. பல்பை மாட்டினாலும் முள் அசையவில்லை. வேதமாணிக்கம் தலையாட்டினார். ஆனால் ஹெட்போனில் சோளம் பொரிகிற மாதிரி படபடப்பு என்றாள் அவள். குனிந்து பார்த்தால் சுற்றுகிற இடத்தில் நீலப் பொறி தெறித்துக்கொண்டிருந்தது.

தனுஷ்கோடியே சுவிட்சை அணைத்துவிட்டார். "இத நான் உங்களுக்கு விக்க மாட்டேன். பக்கத்துக் கொட்டகையில திரி காயப் போட்டிருக்கான். நம்ம ஊர்ல பொறி பறக்கிற சாமானை வச்சிக்கிட்டு எவன் தூங்குவான்?"

மூன்றாவதை அவர் காட்டவே இல்லை. ஞானபூரணிதான் மூலையில் கிடந்ததைக் காட்டி, "அது என்னது?" என்று கேட்டாள். துருப்பிடித்த சாம்பல் நிறப் பெட்டி, ஒரு ஆள் தூக்க முடியாத கனம். முகப்பில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு மீட்டர், அதன் கண்ணாடியும் மங்கல்.

"அது டெலிபோனுக்கு உள்ளது. ராஜபாளையத்துப் பக்கம் ஒரு மில்லுல உள்ளுக்குள்ளயே போன் வச்சிருந்தாக. அதுக்குப் பேட்டரியை நிரப்பிக்கிட்டே இருக்கும். அது எதுக்கு உங்களுக்கு?"

வேதமாணிக்கம் மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே பெரிய பெரிய சோக் சுருள்கள், தடித்த கம்பி, எதுவும் நெருக்கமில்லாமல். மனிதர் பேச்சு போகிற கம்பிக்காகச் செய்தது என்பதால் ஆட்டத்தை அடக்குவதில் கஞ்சத்தனம் இல்லை. கொட்டகையில் நின்ற லாரியிலிருந்து இரண்டு பேட்டரிகளை இரவல் வாங்கி வரிசையாகக் கோத்து அதோடு இணைத்தார்கள். முள் இருபத்தேழைத் தாண்டி நின்றது. பல்பை மாட்டியபோது ஒரு நூல் இறங்கியது. கழற்றியபோது ஒரு நூல் ஏறியது.

ஞானபூரணி ஹெட்போனை மாட்டினாள். கொட்டகையில் எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். தனுஷ்கோடி வெற்றிலையை மெல்லுவதைக்கூட நிறுத்திவிட்டார். அவள் ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்தினாள்.

"என்ன பூரணி?"

"ஒண்ணுமில்ல."

"என்ன, ஒண்ணுமில்லைன்னா?"

"ஒண்ணுமே இல்லைங்க. கோவில்ல ஆராதனைக்கு முன்னால எல்லாரும் உக்காந்திருப்பாகள்ல, அந்த மாதிரி இருக்கு. ரொம்ப உள்ள, ஒரு சின்ன டோ. தேடிப் பாத்தாத்தான் தெரியும்."

வேதமாணிக்கம் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றார். அவள் பின்னால் வந்தாள்.

"பச்சையை வாங்கிரலாம்னு பாக்கேன்," என்றார் அவர், தரையைப் பார்த்து.

"ஏன்?"

"மீட்டரு பெரிசு. எது தப்புன்னாலும் கண்ணுக்குத் தெரியும். இந்தச் சாம்பல் பொட்டி நல்லாத்தான் இருக்கு. ஆனா அது நல்லா இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? நாளைக்கு அதுக்குள்ள ஏதாவது போனாலும் எனக்குத் தெரியாது."

இதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. நாற்பது வயது ஆள், நாலு பேர் போய்வருகிற இடத்தில்.

ஞானபூரணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "உங்களுக்குத் தெரியலைன்னா எனக்குத் தெரியும். மீட்டரை நீங்க பாருங்க, காதுக்கு நான் இருக்கேன். ஆகாசத்துல போறவுகளுக்கு எது நல்லதோ அத வாங்குங்க. நமக்கு எது சவுகரியம்னு பாத்து வாங்காதீக."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், "அந்தச் சாம்பலைக் கட்டுங்க அண்ணாச்சி," என்றார். தனுஷ்கோடிக்குக் கடைசிவரை அது ஏன் என்று விளங்கவில்லை. "பாத்தா பச்சைதான் லெட்சணமா இருக்கு," என்று சொல்லிக்கொண்டே கட்டினார்.

பேட்டரி ஆசிட்டும் அதிலிருந்து வரும் ஆவியும் ஆகாது என்பதால், புதிதாக வாங்கிய இரண்டு பேட்டரிகளும் கொல்லைப்புறத்து ஓட்டுச்சாய்ப்பில் வைக்கப்பட்டன. அங்கே விளக்கு கொண்டு போகக்கூடாது என்று வேதமாணிக்கம் பக்கத்து வீட்டு பஞ்சம்மாளிடம்கூடச் சொல்லி வைத்தார். சுவரில் துளை போட்டு விரல் தடிமன் கம்பி முன்னறை மேசைக்கு வந்தது. மெல்லிசாக இருந்தால் வழியிலேயே வோல்ட் தேய்ந்துவிடும். ஒரு வாரத்துக்குள் ஞானபூரணியின் நீலச் சேலையில் ஆசிட் பட்டு நாலைந்து ஓட்டை விழுந்தது. அவள் அதில் பூவேலை செய்து மறைத்துக்கொண்டாள்.

முதல் நாளே சோதனை தானாக வந்தது. தெருக்கோடியில் பருத்தி அரைக்கும் ஜின்னிங் மில் இருந்தது. மத்தியானச் சங்கு ஊதி மெஷின்களை ஓட்டத் தொடங்கினால் தெரு முழுக்க விளக்குகள் சோர்ந்து மஞ்சளாகிவிடும். அன்றும் மங்கின. மேசையில் சின்ன முள் அசையாமல் இருந்தது. கரண்டு தளர்ந்ததை பேட்டரி தாங்கிக்கொண்டது. சாம்பல் பெட்டியை வேண்டுமென்றே அணைத்துப் பார்த்தார். முள் மெதுவாக இருபத்தைந்துக்கு வந்து நின்றது. எஞ்சின் நின்றுபோன விமானத்திலும் அப்படித்தான் இருக்கும். ஓடுகிற விமானம், நிற்கிற விமானம் இரண்டையும் இனி வீட்டுக்குள்ளேயே பார்க்கலாம் என்று அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

சாயங்காலம் கேப்டன் திருப்பிக் கொண்டுவந்த பெட்டியை மாட்டினார்கள். ஞானபூரணி பள்ளிக்கூடச் சேலையோடேயே உட்கார்ந்தாள்.

"இருக்கு!" என்றாள். "டோ இல்ல. இது வேற. ரொம்ப மேல, மெல்லிசா. வண்டேதான்."

அவள் பாடிக் காட்டிய வண்டின் சுரத்தைக் கேட்டதும் வேதமாணிக்கத்துக்கு இடம் தெரிந்துவிட்டது. பெட்டிக்குள் வேகமாகச் சுழலும் ஒரு சின்ன மெஷின் வால்வுகளுக்கு மின்சாரம் தருகிறது. அதன் சத்தம் பேச்சுக்குள் ஏறிவிடாமல் தடுக்க ஒரு கண்டன்சர் இருக்கிறது. அது காய்ந்து போயிருந்தது. மாற்றினார். அவள் கேட்டுக்கொண்டே இருந்து, சட்டென்று கையைத் தூக்கினாள். "நின்னுட்டு!"

அடுத்த ஞாயிறு கேப்டன் வந்தார். பெட்டியை எடுத்துக் கையில் கொடுக்கும் முன் வேதமாணிக்கம் சொன்னார்:

"சார், ஒரு விசயம். எனக்குக் காது சரியில்ல. உள்ளுக்குள்ள இரைச்சல். போன தரம் செட்டு கெட்டுப் போனது அதுனாலதான். இந்தத் தரம் கேட்டது நான் இல்ல, இவ. வேற ஆளைப் பாக்கணும்னாலும் பாருங்க. நான் தப்பா நினைக்க மாட்டேன்."

கேப்டன் நாற்காலியில் உட்கார்ந்தார். 

"டீச்சர் என்ன கேட்டாக?"

ஞானபூரணி வண்டு, டோ, கொட்டகை எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது இரண்டு சுரத்தையும் பாடிக் காட்டினாள். கேப்டன் திடுக்கிட்டார். "அதேதான்! திருச்சிக்கு மேல நான் கேட்டது அதே சத்தம்தான்."

ஆனாலும் அவர் அவசரப்பட்டு முடிவு சொல்லவில்லை. அது அவர் ஒருவர் உயிர் மட்டும் இல்லை. கையெழுத்துப் போடும் எஞ்சினியரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார். எஞ்சினியர் ஜெயக்கொடி மதுரையிலிருந்து வந்து, சாம்பல் பெட்டியை ஒரு பகல் முழுக்க ஓடவிட்டு, சூடாகிறதா என்று தொட்டுப் பார்த்து, பியூஸ்களை மாற்றச் சொல்லி, தானும் ஹெட்போன் மாட்டிக் கேட்டார். கடைசியில், "சோதிக்கிறது ஒருத்தர், கேக்கிறது ஒருத்தர்னு இருக்கிறது நல்லதுதான். ரெண்டு பேரும் சரின்னு சொன்னா அனுப்புங்க. அங்கன வந்தப்பறம் நானும் பாக்கேன்," என்றார். ஞானபூரணி போட்டுக் கொடுத்த பணியாரத்தைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டும் போனார்.

அப்படி ஐந்தாறு வருஷம் ஓடியது. பள்ளிக்கூடம் விட்டு வந்து முகம் கழுவியதும் அவள் முன்னறைக்கு வருவாள். அவர் சுவிட்சைப் போடுவார். அவர் மீட்டரைப் பார்ப்பார், அவள் கேட்பாள். சில நாள் கேட்டுக்கொண்டே அவள் பரீட்சைத் தாள் திருத்துவாள். ஒரு நாள் ஹெட்போனை மாட்டியவள் புருவத்தைச் சுருக்கி, "டோ இறங்கிட்டு," என்றாள். எவ்வளவு என்று கேட்டார். சரியாக ஒரு ஸ்தாயி, வழக்கமான டோவிலிருந்து அதற்கும் கீழே உள்ள டோவுக்கு. வேதமாணிக்கம் சாம்பல் பெட்டியை அணைத்து மூடியைத் திறந்தார். ரெக்டிபையரில் இரண்டு பக்கத்தில் ஒரு பக்கம் கருகியிருந்தது. இரண்டும் வேலை செய்தால் நொடிக்கு நூறு துடிப்பு, ஒன்று போனால் ஐம்பது, அதுதான் அந்த ஒரு ஸ்தாயி. மீட்டர் முள் அதுவரை ஒன்றும் சொல்லவில்லை, பேட்டரி தாங்கியதால். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் மறுபக்கமும் போய்ப் பேட்டரி படுத்திருக்கும். அன்றைக்கு அவர் அவளைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை அவள் பிறகு பலரிடம் சொல்லிக்காட்டினாள். கல்யாணப் படத்தில்கூட அப்படிச் சிரிக்கவில்லையாம்.

அவருடைய காது சரியாகவில்லை. மதுரையில் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, இதோடு வாழப் பழகிக்கொள்ளுங்கள் என்றார். பழகிக்கொண்டார். ஒளித்துவைக்க வேண்டியதில்லை என்றானதும் அது பாதியாகக் குறைந்த மாதிரி இருக்கிறது என்பார்.

அறுபத்தேழில் கம்பெனி டகோட்டாக்களை விற்க முடிவு பண்ணியது. விற்பதற்கு முன் கேப்டன் இருவரையும் மதுரைக்கு வரச் சொல்லி ஒரு காலைப் பயணத்தில் ஏற்றிக்கொண்டார். நூல் பேல்களுக்கு நடுவே தகர ஆசனத்தில் உட்கார்ந்தார்கள். எஞ்சின் இரண்டும் சேர்ந்து அலறியதும் வேதமாணிக்கம் மனைவியின் கையைப் பிடித்தார்.

"பூரணி! என் காது இரையல!"

எஞ்சின் சத்தத்துக்குள் அது மூழ்கிவிட்டது. அவள் அவர் காதோடு காதாகக் கத்திப் பேசினாள், அவர் ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டார். இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்ததை எல்லாம் பேசினார்கள் என்று கேப்டன் சொல்வார். என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. சிவகாசிக்கு மேலே வட்டமடித்தபோது அச்சாபீஸ் முற்றங்களில் காயவைத்த தாள்கள் சிவப்பும் மஞ்சளுமாகத் தெரிந்தன. விஸ்வநத்தம் பக்கத்துப் பட்டாசுக் கொட்டகைகள் ஒன்றுக்கொன்று தள்ளித்தள்ளி, தீப்பெட்டிகளைச் சிந்திவிட்ட மாதிரி. அதை அவருக்குக் காட்டிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. மல்லிகைக் கூடைக்குள் வாந்தி எடுத்துவிட்டாள். இறங்கிய பிறகு அதற்காகக் கேப்டனிடம் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு, சிரித்துச் சிரித்து, நிற்கவே முடியவில்லை.

அதன் பிறகு வீட்டு ரேடியோக்கள் மட்டும்தான் வந்தன. டிரான்சிஸ்டர்கள் வரத் தொடங்கிய காலம். பஞ்சம்மாள் ஒரு நாள் தன் மகன் வாங்கிக் கொடுத்த ரேடியோவை இடுப்பில் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு வந்தாள். வேதமாணிக்கம் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"டீச்சர் இருக்காகளா?"

"பள்ளிக்கூடத்துல இருக்கா. எங்கிட்டக் குடுங்க, நான் பாக்கேன்."

"நீங்க பிரிச்சு மேயுறது இருக்கட்டும் அண்ணே. முதல்ல அவுக கேட்டுச் சொல்லட்டும்," என்று சொல்லிவிட்டு, பஞ்சம்மாள் வாசற்படியிலேயே கால் நீட்டி உட்கார்ந்துகொண்டாள். வேதமாணிக்கம் உள்ளே போய் அவளுக்கும் தனக்கும் காபி போட்டு எடுத்துவந்தார். இருவரும் குடித்துக்கொண்டே பள்ளிக்கூடத் தெருவைப் பார்த்தபடி இருந்தார்கள்.